எண்கோணச் சின்னம்: ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் வரலாறும் பழையது வாங்குவோர் நெறியும்

நம் குடியிருப்பின் வாயிலுக்குள் நுழையும் மோட்டார் வண்டிகளைச் சற்றே கூர்ந்து நோக்கினால், எண்கோண வடிவத்துள் இரண்டு ஆங்கில எழுத்துக்களைத் தாங்கிய வண்டிகள் சில கண்ணிற்படும். ‘எம்.ஜி.’ என்பன அவ்வெழுத்துக்கள். குசராத்து மாநிலத்து ஹாலோல் என்னும் ஊரில் 2019-ஆம் ஆண்டு முதல் இச்சின்னத்தோடு வண்டிகள் உருவாகி வருகின்றன. உயர்ந்த கூரையும், குழந்தை குட்டிகளோடு அமர இடமும் உடைய குடும்ப வண்டிகள் இவை. ஆனால், இச்சின்னத்தை உலகறியச் செய்தது இத்தகைய வண்டியன்று. கூரையை மடக்கிவிட்டு, இருவர் மட்டும் அமர்ந்து, காற்று முகத்தில் அறைய, வளைந்த சாலைகளில் விரைந்து செல்லும் சிறு வண்டியே அது. ஸ்போர்ட்ஸ் கார் என்று வழங்கும் அவ்வகை வண்டியைச் செல்வர் மாளிகையிலிருந்து நடுத்தர வருவாயினர் இல்லத்துக்குக் கொணர்ந்த பெருமை இச்சின்னத்துக்கு உண்டு.

சங்கத்தின் ஆண்டு மலரில் மோட்டார் வண்டியின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். இரண்டு காரணங்களைக் கூறுவோம். முதலாவது, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பேண வேண்டும் என்னும் ஆவல் இளைஞர் பலர்க்கு உண்டு. வண்ணப் பூச்சின் மினுமினுப்பைக் கண்டு எழும் ஆவல் பொருளையும் அமைதியையும் ஒருங்கே அழிக்கும். வரலாற்றை அறிந்து எழும் ஆவலோ பயன் தரும். இரண்டாவது, இவ்வண்டியைச் செய்த தொழிற்சாலை 1980-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. ஆயினும் அங்கே பிறந்த வண்டிகள் இன்றும் சாலைகளில் ஓடுகின்றன. தாய் மறைந்த பின்னரும் பிள்ளைகள் வாழ்வதற்கு யார் காரணர் என்பதை ஆராய்ந்தால், சங்கம் கண்டு வாழும் நமக்கும் அதில் ஒரு செய்தி உண்டு.

குடும்ப வண்டியின் குழந்தை

இங்கிலாந்து நாட்டு ஆக்ஸ்போர்டு நகரில் மிதிவண்டித் தொழிலில் தொடங்கி, மோட்டார் வண்டி உற்பத்தியில் பெரும் புகழ் பெற்றவர் வில்லியம் மாரிஸ் என்பவர். அவருக்கு அந்நகரில் ‘மாரிஸ் கராஜஸ்’ என்னும் விற்பனை நிலையம் ஒன்று இருந்தது. 1922-ஆம் ஆண்டில் அதன் மேலாளர் பொறுப்பை ஏற்ற செசில் கிம்பர் என்பவர் அழகுணர்ச்சி மிக்கவர். எளிய மக்கள் வாங்கும் மாரிஸ் வண்டியின் அடிச்சட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தாழ்வான, இலேசான, கண்ணுக்கினிய உடலைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். மாரிஸ் கராஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துக்களே எம்.ஜி. ஆயின. 1924-இல் எண்கோணச் சின்னம் வணிகக் குறியாகப் பதிவு பெற்றது. அடுத்த ஆண்டில் கிம்பர் தாமே தனி வண்டியொன்றை அமைத்து, லாண்ட்ஸ் எண்டு என்னும் நெடும்பயணப் போட்டியில் ஓட்டித் தங்கப் பதக்கமும் பெற்றார்.

கிம்பரின் அருஞ்செயல் 1928-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டில் மாரிஸ் நிறுவனம் ‘மைனர்’ என்னும் சிறு குடும்ப வண்டியை வெளியிட்டது. 847 சி.சி. அளவுள்ள அதன் என்ஜினையும் அடிச்சட்டத்தையும் கொண்டு, மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்த இலேசான உடல் அமைத்து, ‘மிட்ஜெட்’ என்னும் இருவர் வண்டியைக் கிம்பர் உருவாக்கினார். விலை 175 பவுன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பிரபுக்களுக்கும் பெருவணிகர்க்குமே உரியது என்றிருந்த காலத்தில், அலுவலகத்தில் பணி செய்யும் இளைஞரும் அதனைக் கனவு காணலாம் என்னும் நிலை இதனால் பிறந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. 1929-இல் தொழிற்சாலை, ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்து, தோல் பதனிடும் ஆலையொன்றின் கட்டடத்தில் குடியேறியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அதுவே எம்.ஜி.யின் தாயகம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது தனியே வானத்திலிருந்து இறங்கிய பொருளன்று என்பதை ஈண்டு உளங்கொள்ளல் வேண்டும். இட்டிலிக்கு அரைத்த மாவே ஊத்தப்பம் ஆவதுபோல, குடும்ப வண்டிக்காகச் செய்த உறுப்புக்களே இங்கு வேறு வடிவம் பெற்றன. என்ஜின் அதுவே, கியர் பெட்டி அதுவே, மாறியது உடலும் எடையும் கைத்திறமுமே. இவ்வுண்மையைப் பழைய வண்டி வாங்குவோர் மறத்தலாகாது. அரிய உறுப்புக்களால் ஆன வண்டி பழுதுற்றால் உறுப்புத் தேடியே ஆயுள் கழியும். பொது உறுப்புக்களால் ஆன வண்டியோ பல கைகள் மாறியும் உயிர் வாழும்.

போரும் கடல் கடந்த புகழும்

1935-ஆம் ஆண்டில் எம்.ஜி. நிறுவனம் மாரிஸ் பெருநிறுவனத்தின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. பந்தயத் துறை மூடப்பட்டது. கிம்பரின் செல்வாக்குக் குறைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், மேலிடத்தோடு எழுந்த கருத்து வேற்றுமையால் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தாம் வளர்த்த நிறுவனத்திலிருந்து வெளியேறிய அவர், 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நிகழ்ந்த இரயில் விபத்தில் உயிர் துறந்தார். தம் படைப்புக் கடல் கடந்து புகழ் பெற்றதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

போர் முடிந்த அவ்வாண்டிலேயே டி.சி. என்னும் வகை வெளிவந்தது. நீண்ட முகமும், மெல்லிய கம்பிச் சக்கரங்களும், ஆஷ் மரத்தாலான உட்சட்டமும் உடைய வண்டி அது. 1250 சி.சி. அளவுள்ள அதன் என்ஜின், மாரிஸ் 10 என்னும் குடும்ப வண்டியின் என்ஜினைப் பெருக்கி அமைத்ததே. இங்கிலாந்தின் கருவூலம் போரால் வற்றியிருந்த காலம் அது. ஏற்றுமதி செய்வோர்க்கே எஃகு என்பது அரசின் கொள்கை. ஆகவே, ஆபிங்டன் தொழிற்சாலை வெளிநாடுகளை நோக்கியது. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் தங்கியிருந்த அமெரிக்க வீரர்கள் இச்சிறு வண்டிகளைக் கண்டு உளம் பறிகொடுத்திருந்தனர். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்வன, டி.சி.யோ இடப்புறச் சாலைக்காக அமைந்தது; அதன் சுக்கான் வலப்பக்கத்திலேயே இருந்தது. அக்குறையையும் பொருட்படுத்தாது அவர்கள் வாங்கினர். மொத்தம் பிறந்த பதினாயிரம் வண்டிகளுள் சுமார் 2,000 அமெரிக்கா சென்றன. பிற்காலத்தில், 1961-இல், உலகப் பந்தய வீரர் பட்டம் பெற்ற ஃபில் ஹில், தம் தொடக்க நாட்களில் ஓட்டியது டி.சி. வண்டியையே. 1952-இல் கரோல் ஷெல்பி முதன்முதலாகச் சாலைப் பந்தயத்தில் இறங்கியதும் நண்பர் ஒருவரின் டி.சி. வண்டியிலேதான்.

டி.சி.யைத் தொடர்ந்து டி.டி.யும் டி.எஃப்.பும் வந்தன. 1952-இல் மாரிஸ் குழுவும் ஆஸ்டின் நிறுவனமும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. 1955-இல் எம்.ஜி.ஏ. பிறந்தது, ஏழாண்டுகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை உருவாயின. 1962-இல் எம்.ஜி.பி. வந்தது. 1980 வரை பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து உருவான இதன் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று இன்று உலகச் சந்தையில் மிகுதியாகக் கிடைப்பன இவையே.

நம் நாட்டு உறவு

எம்.ஜி.யின் கதை நமக்கு முற்றும் அயலானதன்று. 1942-இல் பி. எம். பிர்லா நிறுவிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் அளித்த ‘ஹிந்துஸ்தான் 10’ என்னும் வண்டி, மாரிஸ் 10-இன் மறுவடிவமே. எனவே அதன் என்ஜினும் டி.சி.யின் என்ஜினும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்னலாம். பின்னர், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து அம்பாசடர் பிறந்தது. தொடக்க ஆண்டுகளுக்குப்பின் அதில் பொருத்தப்பெற்ற 1489 சி.சி. என்ஜின், எம்.ஜி.ஏ. வண்டியின் முதல் என்ஜின் சேர்ந்த அதே ‘பி’ வரிசையைச் சார்ந்தது. எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜினும் அக்குடும்பத்ததே. நம் தந்தையரும் பாட்டன்மாரும் அலுவலகம் சென்ற அம்பாசடரின் நெஞ்சத்துக்கும், அமெரிக்க இளைஞர் கனவு கண்ட ஸ்போர்ட்ஸ் காரின் நெஞ்சத்துக்கும் குருதி உறவு உண்டென்பது வியப்பன்றோ! அம்பாசடரின் உற்பத்தி 2014 மே திங்களில் நின்றது.

ஆயினும், விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் அரும்பொருளாகவே இருந்தது. உள்நாட்டிலேயே உறுப்புக்களைச் செய்யும் திட்டமுடைய நிறுவனங்களுக்கே இடம் என்று 1953-இல் சுங்கவரிக் குழு பரிந்துரைத்தது. வெளிநாட்டு வண்டிகளின் வரவு சுருங்கியது. அதற்கு முன் வந்திருந்தனவும், தூதரக அலுவலர் விட்டுச் சென்றனவும் போன்ற சிலவே எஞ்சின. சென்னையை அடுத்த சோழவரத்து விமானத் தளத்தில் 1950-கள் முதல் நடந்த பந்தயங்களிலும், வெளிநாட்டுச் சிறப்பு வண்டிகள் சிலவற்றோடு, ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர் முதலிய குடும்ப வண்டிகளே மாற்றியமைக்கப்பெற்று ஓடின. கிம்பர் ஆக்ஸ்போர்டில் செய்ததை நம் மெக்கானிக்குகள் சென்னையில் செய்தனர். இல்லாமை திறமைக்குத் தாயாயிற்று. புதிய உறுப்பு வாராத நாட்டில் பழைய உறுப்பைக் கடைந்தும், பற்றவைத்தும், மாற்றுப் பொருத்தியும் வண்டியை வாழவைத்த கைகள் அவை. தில்லியில் 1964 முதலும் கல்கத்தாவில் 1968 முதலும் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நடத்திவந்த பழவண்டி ஊர்வலங்களில் மக்கள் கண்டு களித்தது, செல்வத்தை மட்டுமன்று, அக்கைகளின் உழைப்பையுமாம்.

வாங்குமுன் காண வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்தே தேர்ந்தெடுக்கும் நெறியும் பிறக்கிறது. பொது உறுப்பாகிய என்ஜின் எளிதில் சீர்ப்படும். தனி உறுப்பாகிய உடல் எளிதில் சீர்ப்படாது. ஆதலின், வாங்குவோர் முதலில் காண வேண்டியது என்ஜினையன்று, உடலையே.

எம்.ஜி.ஏ. வரையில் வந்த வண்டிகளுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. எம்.ஜி.பி.க்கோ அது இல்லை. உடலின் தகடுகளே ஒன்றோடொன்று பிணைந்து சட்டமாக நிற்கின்றன. கூரையில்லாத வண்டியாதலின், முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைத்துத் தாங்கும் சுமை, கதவுகளுக்கு அடியில் இருபுறமும் நீளமாக ஓடும் பெட்டி போன்ற அடித்தகடுகளின்மேல் விழுகிறது. பல அடுக்குத் தகடுகளால் ஆன அப்பகுதியுள் நீர் புகுந்தால் உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே பட்டி பூசி, வண்ணம் அடித்து மறைத்திருப்பர். எனவே, ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி அப்பகுதியில் வைத்துப் பார்க்க. ஒட்டாத இடத்தில் எஃகு இல்லை, பட்டியே உண்டு என்க. ஜாக்கியால் வண்டியின் ஒரு பக்கத்தை உயர்த்தியபின் கதவைத் திறந்து மூடிப் பார்க்க. கதவு இடித்தாலோ இடைவெளி மாறினாலோ வண்டியின் முதுகெலும்பு தளர்ந்தது என்பது தெளிவு. அத்தகைய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் மலிவன்று. கடற்கரை நகரங்களில் வாழ்ந்த வண்டிகளில் இச்சோதனை இன்றியமையாதது. டி.சி. முதலிய முந்தைய வகைகளில் துருவோடு மரத்தின் உளுப்பையும் நோக்க வேண்டும். கதவு தொங்கினால் உள்ளிருக்கும் ஆஷ் மரச்சட்டம் உளுத்தது என்று ஐயுற வேண்டும்.

அடுத்து, வண்டியின் அடையாளம். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துள்ளனவா என்று காண்பது முதற்கடமை. ஆபிங்டன் தொழிற்சாலையின் பதிவேடுகள் பல அழியாமல் காக்கப்பெற்றுள்ளன. இங்கிலாந்தில் கேடன் என்னும் ஊரிலுள்ள மோட்டார் மரபுக் காப்பகம், அவற்றைக் கொண்டு, வண்டி எந்நாளில் எவ்வண்ணத்தில் உருவாகியது என்று கட்டணம் பெற்றுச் சான்றிதழ் வழங்குகிறது. வாயால் சொல்லும் பழம்பெருமையினும் அச்சான்று உறுதியுடையது.

மூன்றாவது, ஆண்டு. ஒரே பெயருடைய வண்டியாயினும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு உண்டு. எம்.ஜி.பி.யின் என்ஜின் 1964-ஆம் ஆண்டின் இறுதியில் ஐந்து தாங்கிகள் உடையதாக வலுப்பெற்றது. 1967-இன் பிற்பகுதி வரை முதற்கியரில் ஒத்திசைக்கும் அமைப்பு இல்லை. வண்டி நின்றபின்னரே அதனை இடல் வேண்டும். அக்காலத்திலேயே மின்சாரத்தின் நேர்முனை உடலோடு இணைக்கும் பழைய முறையும் கைவிடப்பட்டது. இதனை அறியாத மெக்கானிக் பாட்டரியைத் தலைமாற்றி இணைத்தால் கேடு விளையும். 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இணங்கப் பளபளக்கும் குரோமியப் பம்பர் நீங்கி, பருத்த கருநிற இரப்பர்ப் பம்பர் வந்தது. வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. வளைவுகளில் வண்டி முன்போல் நிலைகொள்ளவில்லை. பிற்காலத்தில் ஓரளவு திருத்தினர். அதனால் குரோமியப் பம்பர் வண்டிகளுக்கே சந்தையில் விலை மிகுதி. ஆனால், துருவேறிய குரோமியப் பம்பர் வண்டியினும் நலமுள்ள இரப்பர்ப் பம்பர் வண்டியே மேல் என்பது எம் கருத்து. பெயரை வாங்குதல் வேறு; வண்டியை வாங்குதல் வேறு.

இறுதியில் என்ஜினைக் காண்க. சூடேறிய பின்னரும் எண்ணெயழுத்தம் குன்றாது நிற்றல் வேண்டும், நீலப்புகை வருதலாகாது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அப்பெட்ரோலை நம்பிச் செய்த பழைய வார்ப்பிரும்புத் தலைகளில், வெளியேற்றும் வால்வுகளின் இருக்கைகள் தேயும். கடினப்படுத்திய வளையங்கள் பொருத்தியுள்ளனரா என்று கேட்டறிதல் நலம். இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய இரப்பர்க் குழாய்களை அது அரிக்கும். எனவே, பெட்ரோல் செல்லும் வழியிலுள்ள குழாய்களையும் கார்பரேட்டர் உறுப்புக்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுதல் இன்றியமையாதது. கசியும் பெட்ரோல் தீவிபத்துக்கு வித்து. முன்சக்கரங்களைத் தாங்கும் கிங்பின்களுக்குக் காலந்தோறும் கிரீஸ் இட்டுள்ளனரா என்பதையும் காண்க. அது மறக்கப்பட்ட வண்டியில் வேறு பலவும் மறக்கப்பட்டிருக்கும்.

உரிமையும் பொறுப்பும்

வாங்கியபின் வருவது சட்டம். 2021-ஆம் ஆண்டில் நடுவணரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் சிதையாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய வழி வகுத்தது. அப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல் முதலியவற்றுக்கே சாலையில் ஓட்டலாம், நாள்தோறும் அலுவலகம் செல்ல ஓட்டலாகாது, வாடகைக்கும் விடலாகாது. எம்.ஜி.பி.யின் குரோமியப் பம்பர் வண்டிகள் அனைத்தும் இன்று 50 ஆண்டைக் கடந்துவிட்டன. தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இத்துறையில் ஆணைகள் மாறி வருவன. ஆதலின், முன்பணம் கொடுக்குமுன் தத்தம் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டறிவதே அறிவுடைமை. உரிமை மாற்ற முடியாத வண்டி, முற்றத்தில் நிறுத்தி வைத்த இரும்பே.

செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடும்பத்தின் கல்விச் செலவிலும் மருத்துவச் செலவிலும் கை வைத்து வாங்கும் பொருளன்று இது. வாங்கும் விலை ஒரு பங்கு. டிங்கரிங், வண்ணம், உறுப்பு வரவழைத்தல் ஆகியவற்றின் செலவு வேறு பங்கு. வாங்கும் தொகையோடு கையிருப்பு முடிந்துவிடுமாயின், வாங்காதிருத்தலே நன்று. நிறுத்த மூடிய இடம் உண்டா, பழைய வண்டி அறிந்த மெக்கானிக் ஊரில் உண்டா, இல்லத்தார் இசைவு உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைத்தபின்னரே அடியெடுத்து வைக்க.

தொழிற்சாலை மறைந்தும் வண்டி வாழ்ந்த விதம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1979 செப்டம்பரில் ஆபிங்டன் மக்கள் தம் ஊருக்கு எம்.ஜி. வந்த பொன்விழாவைக் கொண்டாடினர். விழா முடிந்ததும், செப்டம்பர் 10, திங்கட்கிழமை, தொழிற்சாலை மூடப்படும் என்னும் அறிவிப்பு வந்தது. பவுன் நாணயத்தின் மதிப்பு உயர்ந்ததால் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு வண்டியிலும் நட்டம் என்று அப்போதைய உரிமை நிறுவனமாகிய பிரிட்டிஷ் லேலண்டு காரணம் காட்டியது. உரிமையாளர்கள் தம் வண்டிகளோடு லண்டனில் ஊர்வலம் சென்றனர். ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தார் தலைமையில் ஒரு குழு தொழிற்சாலையை விலைக்குக் கேட்டது, அம்முயற்சி கைகூடவில்லை. 1980 அக்டோபரில் இறுதி எம்.ஜி.பி. வெளிவந்தது. கதவு அடைபட்டது.

அத்தோடு வண்டிகளும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. காரணம், 1930-ஆம் ஆண்டிலேயே உரிமையாளர் கூடி அமைத்த எம்.ஜி. கார் சங்கம் இருந்தது. அதன் தொடக்கக் காலச் செயலாளர் ஜான் தார்ன்லி என்னும் இளைஞர். சங்கப் பணியிலிருந்து தொழிற்சாலைக்குள் சென்ற அவரே பிற்காலத்தில் ஆபிங்டனின் தலைவராகி, எம்.ஜி.ஏ.யும் எம்.ஜி.பி.யும் பிறந்த பொற்காலத்தை நடத்தினார். தொழிற்சாலை மூடிய பின்னும் சங்கத்தின் கிளைகள் நாடுதோறும் நின்றன. எந்த உறுப்பு எந்த ஆண்டுக்குப் பொருந்தும், எவ்வாறு கழற்றிப் பூட்டுவது என்னும் அறிவை ஒருவர்க்கொருவர் வழங்கினர். வாங்குவோர் இருந்ததால் உறுப்பு செய்வோரும் இருந்தனர். 1988-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனம், தொழிற்சாலையின் பழைய அச்சுக்களைத் தேடியெடுத்து, எம்.ஜி.பி.யின் முழு உடலையே மீண்டும் புதிதாகச் செய்யத் தொடங்கியது. துரு வென்ற வண்டிக்கும் மறுபிறப்பு உண்டாயிற்று. அவ்வுடலையே அடிப்படையாகக் கொண்டு 1993 முதல் 1995 வரை ஆர்.வி.8 என்னும் வண்டி சுமார் 2,000 அளவில் உருவாகி, பெரும்பகுதி ஜப்பானுக்குச் சென்றது. அதே ஜப்பானில், பழைய ஆங்கில இருவர் வண்டிகளின் இயல்பைக் கற்று மாஸ்டா நிறுவனம் அமைத்த எம்.எக்ஸ்.5 என்னும் வண்டி 1989-இல் வெளிவந்து, பின்னாளில் விற்பனையில் எம்.ஜி.பி.யையும் விஞ்சியது.

எம்.ஜி. என்னும் பெயர் பல கை மாறியது. 2005-இல் எம்.ஜி. ரோவர் நிறுவனம் நொடித்தது. சீன நாட்டு நான்ஜிங் நிறுவனம் வாங்கியது. பின் அது ஷாங்காய் நகரத்து சாய்க் நிறுவனத்தோடு சேர்ந்தது. அவ்வழியே ஹாலோலுக்கும் வந்தது. பெயரை விலைக்கு வாங்கலாம், வாங்கினர். ஆனால், ஆபிங்டனில் பிறந்த வண்டிகளைக் காத்தது எந்த நிறுவனமும் தனித்தன்று. சனிக்கிழமைதோறும் ஸ்பேனரை எடுத்த உரிமையாளரும், தமக்குத் தெரிந்ததை மறைக்காது பிறர்க்குச் சொன்ன சங்கத்தாருமே காத்தனர்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் இதனை நினைவிற் கொள்க. அவர் வாங்குவது ஒரு வண்டியை மட்டுமன்று. தமக்கு முன் பலர் காத்து, தமக்குப்பின் பலர் காக்க வேண்டிய பொருளொன்றின் இடைக்காலப் பொறுப்பை வாங்குகிறார். ஆகவே, வண்டியைத் தேடுமுன் அவ்வண்டியைப் பேணுவோர் கூட்டத்தைத் தேடுக. அவர்களிடம் கேட்டறிந்து, பின் வண்டியைத் தேர்க. செய்த பழுதுகளையும் மாற்றிய உறுப்புக்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க. விற்க நேரும் நாளில் குறையை மறையாது சொல்லி, அக்குறிப்பேட்டையும் உடன் கொடுக்க.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு இச்செய்தி விளங்காததன்று. மொழியும் கலையும் மரபும், அவை பிறந்த மண்ணை விட்டு அகன்ற பின்னர், தாமாக வாழ்வதில்லை. ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்து, தேய்ந்ததைப் புதுக்கி, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும்வரை தாங்கி நிற்போர் வேண்டும். அத்தகையோர் கூடும் இடத்துக்கே சங்கம் என்று பெயர்.